இரண்டு நெட்டையர்களின் தடுப்புப் பொருத்தம்

மாநில மேல்நிலைத் தொட்டிப் பராமரிப்பு வாரியத்தின் கூடைப்பந்து அணி ஒரு வங்கி அணியிடம் முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அது வழக்கமாக நடப்பதுதான். வழக்கத்துக்கு மாறாக அன்றைக்கு வாரியத் தலைவர் மைதானத்தில் இருந்தார். பரிசு வழங்க அழைத்திருந்தார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் எப்படியும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக் கிளம்பியவர், சாலை காலியாகக் கிடந்ததால் சீக்கிரமே வந்து, முழு ஆட்டத்தையும் பார்க்கும்படி ஆகிவிட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் பக்கத்து நாற்காலியில் இருந்த இணை இயக்குநர் ஸ்ரீநிவாசராகவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவ்வளவு உயரமாக இரண்டு பேர் நிற்கும்போது அந்தக் குள்ளப் பையன் எப்படி நடுவில் புகுந்து புகுந்து போகிறான் என்பது அந்தக் கேள்வி.

தலைவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பரிசைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே வேறு துறைக்கு மாற்றலாகியும் போனார். கேள்வி மட்டும் வாரியத்தில் தங்கிவிட்டது. ஸ்ரீநிவாசராகவன் அதை ஒரு தாளில் எழுதி, எண் வாங்கி, நாடா கட்டினார். பத்தே நாளில் ‘உயர ஆட்டக்காரர்களின் தடுப்புப் பொருத்த மதிப்பீட்டுக் குழு’ ஐந்து உறுப்பினர்களுடன் அமைந்தது. ஐவரில் எவரும் பந்தைத் தொட்டவர் இல்லை என்பது, பாரபட்சமின்மைக்குச் சான்றாக ஆணையிலேயே குறிப்பிடப்பட்டிருந்தது.

வாரியத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அதன் தெற்கு மண்டல அலுவலகம் தாம்பரம் சானடோரியத்தில் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. பல்லாவரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை நாற்பத்தொரு மேல்நிலைத் தொட்டிகள் அதன் பொறுப்பில் உள்ளன. தொட்டியைப் பராமரிப்பது வாரியத்தின் வேலை. தொட்டியில் தண்ணீர் ஏற்றுவது இன்னொரு துறையின் வேலை. அந்தத் துறை தண்ணீர் ஏற்றி ஆறு வருடம் ஆகிறது. அதனால் தொட்டிகள் மிக நல்ல நிலையில் இருந்தன.

தலைவர் சுட்டிக்காட்டிய இரண்டு நெட்டையர்களில் மூத்தவன் தனசிங். வயது முப்பத்துநான்கு, உயரம் ஆறடி ஏழு அங்குலம். பத்தொன்பது வயதில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து, பதிவறை உதவியாளனாகப் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. சேலையூரில் ஒரு தையற்கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தான். கட்டிலுக்கு வெளியே நீளும் கால்களுக்கு ஒரு முக்காலி போட்டிருந்தான். அம்மா இறந்த பிறகு அந்த அறையில் இன்னொரு குரல் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில்தான் உட்காருவான். முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்குப் பீடம் தெரியாது. ரயிலிலும் டீக்கடையிலும் முன்பின் தெரியாதவர்கள் அவனிடம் தினமும் பேசத்தான் செய்தார்கள். உயரம் எவ்வளவு என்று கேட்பார்கள். அவன் சொல்வான். அவர்கள் வாயைப் பிளந்துவிட்டு இறங்கிப் போவார்கள். ஒரு நாளில் அவன் பேசும் பேச்சு பெரும்பாலும் ‘ஆறு ஏழு’ என்ற இரண்டு எண்களோடு முடிந்துவிடும்.

இளையவன் அசரியா. பொத்தேரிக்குப் பின்னால் உள்ள கிராமத்துப் பையன், வயது இருபத்துநான்கு, உயரம் ஆறடி ஒன்பது. சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரண்டு வருடத் தகுதிகாண் பருவம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அவனும் தனசிங்கும் ஒன்பது மாதம் ஒரே கூடைக்கு அடியில் தோளோடு தோள் நின்றும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தனசிங்குக்குத் தெரியவில்லை. சீனியர் தலைக்கனம் பிடித்தவர் என்று அசரியா நினைத்திருந்தான்.

குள்ளப் பையன் நடுவில் புகுந்ததன் ரகசியமும் இதுதான். எதிராளி பந்தோடு கூடையை நோக்கி ஓடி வரும்போது, நெட்டையர்களில் ஒருவன் முன்னே போய் மறிக்க வேண்டும், மற்றவன் கூடையடியில் நிற்க வேண்டும். யார் போவது, யார் நிற்பது என்பதை அரை நொடியில் வாயால் சொல்லித்தான் முடிவு செய்ய முடியும். இவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. சில நேரம் இருவரும் போனார்கள், சில நேரம் இருவரும் நின்றார்கள். பயிற்சியாளர் யேசுதாசன் முப்பது வருடம் ஆடியவர், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர். குழு அவரிடம் அறிக்கை கேட்டபோது ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்: ‘ரெண்டு பேரும் ஆட்டத்துல பேசிக்கணும்.’ குழுவின் செயலராக இருந்த கண்காணிப்பாளர் கிறிஸ்டினா, அந்த வரியை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்று கேட்டார். அதற்கான தலைப்பு படிவத்தில் இல்லாததால், அறிக்கை திருப்பி அனுப்பப்பட்டது.

படிவம் பதினான்கு பக்கம். பொருத்தம் என்றால் பத்து என்பது எல்லோருக்கும் தெரிந்ததால், அதில் பத்துத் தலைப்புகள் இருந்தன. மூன்றாவது தலைப்பு நட்சத்திரம். தனசிங்குக்கு அது தெரியாது. ஞானஸ்நானச் சான்றிதழில் அப்படி ஒரு விவரம் இல்லை என்று பணிவாக எழுதிக் கொடுத்தான். ‘ஒத்துழைப்பு குறைவு’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது தலைப்பு உயரம். குழுவினர் ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி நின்று அவனை அளந்தார்கள். ஆறடி ஏழு வந்தது. பணிப்பதிவேட்டில் ஆறடி மூன்று என்றிருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் அளந்தபோது, சுவரில் ஒட்டியிருந்த அளவுகோல் ஆறடி மூன்றோடு முடிந்துவிட்டது என்று தனசிங் விளக்கினான். குழு அதை ஏற்கவில்லை. பணியில் சேர்ந்த பின் துறையின் முன்அனுமதியின்றி நான்கு அங்குலம் வளர்ந்தது குறித்து விளக்கம் கோரி அவனுக்குக் கடிதம் வந்தது. ஏழு நாளுக்குள் பதில் தர வேண்டும். தவறினால், கூடுதல் உயரத்தை ஆட்டத்தில் பயன்படுத்தத் தடை விதிக்கப்படும் என்று கடிதம் முடிந்தது. பயன்படுத்தாமல் வைத்திருப்பது எப்படி என்று அவன் கிறிஸ்டினாவிடம் கேட்டான். அவர் சற்று யோசித்து, விசாரணைக்கு வரும்போது கொஞ்சம் குனிந்து நிற்கச் சொன்னார்.

அடுத்தது நேரடிச் சோதனை. வெளியாட்களை வளாகத்துக்குள் விட அனுமதி இல்லாததால், எதிரணிக்குப் பதிலாக ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறுத்தப்பட்டன. அலுவலக உதவியாளர் சின்னப்பன், குழு தரும் சீட்டின்படி ஒவ்வொரு நாற்காலியாக ஓரடி நகர்த்துவார். பொருத்தத்தில் ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பாதிக்கக் கூடாது என்பதால், தனசிங்கையும் அசரியாவையும் வெவ்வேறு நாளில் தனித்தனியாக நிற்க வைத்தார்கள். சித்திரை வெயிலில் தனசிங் இரண்டு மணி நேரம் கைகளைத் தூக்கியபடி நின்றான். குழு பந்தலுக்குள் மோர் குடித்தது. எந்த நாற்காலியும் கூடையை அடையவில்லை. இருவருக்கும் தொண்ணூற்றிரண்டு விழுக்காடு கிடைத்தது. கூட்டினால் நூற்றெண்பத்துநான்கு. நூற்றுக்கு மேல் பொருத்தம் இருக்க விதியில் இடமில்லை என்று தணிக்கைப் பிரிவு ஆட்சேபம் எழுப்பவே, சோதனை ரத்தாகி, நேர்முக விசாரணை என்று முடிவாயிற்று.

விசாரணை பதினோரு நாள் தள்ளிப்போனது. தினமும் காலை பத்து மணிக்கு இருவரும் குழு அறைக்கு வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் வந்து உட்கார வேண்டும். மாலை ஐந்துக்கு, நாளை வாருங்கள் என்று சொல்வார்கள். முதல் இரண்டு நாள் இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள். மூன்றாம் நாள் அசரியா தன் காலைப் பார்த்தான், பிறகு பக்கத்துக் காலைப் பார்த்தான்.

“அண்ணா, உங்க ஷூ எத்தினி நம்பரு?”

“பதினாலு.”

“எனக்கும் அதான். எங்க வாங்குறீங்க? நான் கடை கடையா ஏறி எறங்கி பேஜாராயிட்டேன்.”

தனசிங்கிடம் உயரத்தைக் கேட்டவர்கள் ஆயிரம் பேர். தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இருந்து கேட்டவன் இவன் ஒருவன்தான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தனக்காக எடுத்து வைக்கும் ஒரு கடைக்காரரைப் பற்றிச் சொன்னான். அந்த வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்தே போனார்கள். அதன் பிறகு பேச்சுக்கு முடிவில்லை. மின்விசிறிக்குக் கீழே தலைசீவ முடியாதது, ஷேர் ஆட்டோவில் முழங்கால் தாடையில் இடிப்பது, கல்யாண வீட்டு போட்டோவில் ஓரத்துக்குத் தள்ளப்படுவது என்று இருவரும் தனித்தனியாக அனுபவித்ததெல்லாம் ஒன்றாகவே இருந்தது. விசாரணை இன்றைக்கும் இல்லை என்று கிறிஸ்டினா வந்து சொல்லும்போது, தனசிங் வருத்தப்பட்டதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினான். பதினைந்து வருட உத்தியோகத்தில் அவன் ஆவலோடு அலுவலகம் வந்தது அந்தப் பதினோரு நாள்தான்.

பெஞ்சில் தொடங்கிய பேச்சு மாலைப் பயிற்சிக்கும் வந்தது. “நான் போறேன் ண்ணா” என்று அசரியா கத்துவான். “போ, நான் இருக்கேன்” என்று தனசிங் கத்துவான். யேசுதாசன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஓரமாக நின்று பார்த்தார். ஒரே வாரத்தில் பொத்தேரிப் பக்கத்துக் கல்லூரி அணி ஒன்றைப் பயிற்சி ஆட்டத்தில் வென்றார்கள். நடுவில் ஒருவனும் புகவில்லை. யேசுதாசன் மகிழ்ச்சி தாங்காமல் அதை எழுத்தில் தெரிவித்தார். அதுதான் அவர் செய்த தவறு.

பன்னிரண்டாம் நாள் இருவரையும் உள்ளே அழைத்தார்கள். மேசைக்குப் பின்னால் ஐவர், நடுவில் ஸ்ரீநிவாசராகவன். அவர் குரலை உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. பயிற்சியாளரின் கடிதத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

“மதிப்பீடு பெண்டிங்ல இருக்கும்போது பொருத்தம் ஏற்பட்டுருக்கு. யாரைக் கேட்டு ஏற்படுத்தினீங்க? இப்ப நாங்க எதை மதிப்பிடறது?”

தனசிங் குனிந்து நின்றிருந்தான். பேசிக்கொண்டோம், அவ்வளவுதான் சார் என்றான். அப்போதுதான் ஸ்ரீநிவாசராகவன் முதல் தடவையாக மனம் திறந்து பேசினார்.

“மிஸ்டர் தனசிங், முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல என்னைத் தாண்டி ஒரு ஃபைல் உள்ள போனதில்ல. எத்தனையோ பேர் எத்தனையோ பக்கம் சுத்தி வந்து பார்த்தாங்க. கான்ட்ராக்டர் வந்தான். கவுன்சிலர் வந்தார். புருஷன் செத்துட்டான்னு பென்ஷனுக்கு ஒரு அம்மா நாலு வருஷம் வந்தாங்க. எல்லாரையும் வாசல்லயே நிறுத்தினேன். அதுக்குப் பேர்தான் டிஃபென்ஸ். ஒருத்தர்கிட்டயும் நான் பேசினதில்ல. பேசினா பதில் சொல்ல வேண்டி வரும்.”

மற்ற நால்வரும் தலையசைத்தார்கள். பேச்சை அப்படியே பதிவு செய்யட்டுமா என்று கிறிஸ்டினா கேட்டார். செய்யுங்கள் என்றார், பெருமையோடு.

மறுநாள் ஆணை வந்தது. மதிப்பீடு முடியும் வரை இரு ஆட்டக்காரர்களும் ஒருவரோடொருவர் நேரிலோ, தொலைபேசியிலோ, மூன்றாம் நபர் வழியாகவோ, சைகையாலோ தொடர்புகொள்ளக் கூடாது. அசரியா கேளம்பாக்கம் துணை அலுவலகத்துக்கு மாற்றப்பட்டான். பயிற்சிக்கு ஒருவன் திங்கள், புதன் வர வேண்டும். மற்றவன் செவ்வாய், வியாழன்.

தனசிங் பழையபடி பதிவறைக்குத் திரும்பினான். பழையபடி என்று சொன்னாலும் அது பழையபடி இல்லை. முன்பு அவன் தனியாக இருந்தான், அது அவனுக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் வேலை எதுவும் இல்லாமலே பல்லாவரம் சந்தைக்குப் போய் வந்தான். எங்கே உன் தம்பி என்று செருப்புக் கடைக்காரர் கேட்டார். அவனுக்குக் கேளம்பாக்கத்துல டியூட்டி என்றான். அப்படிச் சொன்னதில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. தம்பி இல்லை என்று அவன் திருத்தவில்லை. தொலைபேசியில் அசரியாவின் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவான். அந்தப் பையனின் வேலை நிரந்தரமாகவில்லை, அவன் அப்பா ஓட்டுகிற ஆட்டோ பாதி நாள் ஓடுவதில்லை என்பதெல்லாம் பெஞ்சில் பேசிய பேச்சில் தெரிந்திருந்தது.

நான்கு மாதம் கழித்து, துறைகளுக்கிடையிலான கோப்பைப் போட்டி கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. மொத்தம் நான்கே அணிகள் என்பதால் முதல் ஆட்டமே அரையிறுதி. அதற்கு இரண்டு நெட்டையர்களையும் சேர்த்து இறக்கியே ஆக வேண்டும். வேறு உயரமானவர்கள் இல்லை. குழு முன்வரிசையில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்தது. ஆணை நடைமுறையில் இருப்பதை ஸ்ரீநிவாசராகவன் ஆட்டத்துக்கு முன் இருவருக்கும் நினைவூட்டினார்.

முதல் பாதியில் எல்லாம் பழைய கதையாகவே நடந்தது. எதிரணிப் பையன் ஒருவன் நடுவில் புகுந்து புகுந்து போனான். ஒரு முறை இருவரும் ஒன்றாகப் பாய்ந்து ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள். விழுந்த இடத்தில் முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தார்கள். மன்னிப்புக் கேட்கக்கூட அனுமதி இல்லை. எழுந்து எதிரெதிர்ப் பக்கம் போனார்கள். இடைவேளையில் வாரிய அணி பத்தொன்பது புள்ளி பின்னால் இருந்தது. யேசுதாசன் தண்ணீர் பாட்டிலை தனசிங்கிடம் கொடுத்தார். என்ன செய்யணும்னு உனக்கே தெரியும், நான் சொன்னா என் ஒப்பந்தம் போயிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

இரண்டாம் பாதி தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் அந்தப் பையன் மீண்டும் பந்தோடு வந்தான். தனசிங் தன் தொண்டையிலிருந்து சத்தம் வருவதைக் கேட்டான்.

“போ, நான் இருக்கேன்.”

அசரியா ஒரு கணம் தயங்கினான். பிறகு பாய்ந்து மறித்தான். பந்து தெறித்து வெளியே போனது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை, வாயைத் திறக்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை குரல் வந்தபோதும் நகர்ந்தான். தனசிங் ஆட்டம் முடியும் வரை கத்திக்கொண்டே இருந்தான். நான்கு மாதம் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசினான். பதில் ஒன்றும் வரவில்லை. இரண்டு பேருக்கான பேச்சையும் அவன் ஒருவனே பேசினான். வாரியம் நான்கு புள்ளியில் வென்றது. போட்டி ஆட்டத்தில் பதினோரு வருடத்தில் முதல் வெற்றி. சின்னப்பன் கேலரியில் துண்டைச் சுழற்றினார். முன்வரிசையில் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்கள்.

விசாரணை மறுவாரம் வைக்கப்பட்டது. அன்று காலை கிறிஸ்டினா பதிவறைக்கு வந்து, ஏதோ கோப்பைத் தேடுவதுபோல் அலமாரியைப் பார்த்தபடியே பேசினார்.

“பேசினவங்களுக்கு மெமோவோட போயிடும் தனசிங். கேட்டு நடந்தவர் புரொபேஷன்ல இருக்காரு. அவருக்கு என்கொயரியே வேண்டாம், நேரா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் இதைச் சொல்லவே கூடாது.”

தேடிய கோப்பு கிடைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு போனார்.

குழு அறையில் தனசிங் நேராக நின்றான். ஸ்ரீநிவாசராகவன் குற்றச்சாட்டை வாசித்தார். இன்னார், இன்ன தேதியில், ‘நான் இருக்கேன்’ என்ற சொற்றொடரை இருபத்துமூன்று முறை உரக்கக் கூறியுள்ளார். அவர் இருப்பதை எவரும் மறுக்காத நிலையில், அதை இருபத்துமூன்று முறை கூற வேண்டிய அவசியம் என்ன? யாரை நோக்கிக் கூறப்பட்டது?

தனசிங் மேசையைப் பார்த்தான். பக்கத்து அறையில் அசரியா எழுத்துமூல வாக்குமூலத்துக்காகக் காத்திருந்தான். கதவிடுக்கில் அவன் முழங்கால் தெரிந்தது.

“யாரையும் இல்ல சார். எனக்கே சொல்லிக்கினேன்.”

“உங்களுக்கே?”

“தனியா இருக்கறவன் சார். வூட்லயும் அப்படித்தான் பேசிக்கினு இருப்பேன். ஆட்டத்துல தெரியாம வந்துடுச்சி.”

அப்படியானால் அசரியா எப்படிச் சரியாக நகர்ந்தார் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அவன் நல்ல ஆட்டக்காரன் சார், அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை என்றான் தனசிங். ஸ்ரீநிவாசராகவனின் முகம் தெளிந்தது. மாதக்கணக்காக முடியாத ஒரு கோப்பு முடியும் வழி அவருக்குத் தெரிந்துவிட்டது. கிறிஸ்டினா எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அடுத்த அறைக்குப் போய், ‘எனக்கு எதுவும் கேட்கவில்லை’ என்று அசரியாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்.

அறிக்கை நூற்றிருபது பக்கத்தில் வெளியானது. அசரியா பேசாமலும் கேட்காமலும் தடுக்கும் ஆற்றல் உடையவர் என்றும், வாரியத்தின் மரபுக்கு முற்றிலும் ஏற்றவர் என்றும் பாராட்டியது. தனசிங் தமக்குத் தாமே பேசிக்கொள்ளும் இயல்புடையவர் என்பதால் எவரோடும் பொருந்தார் என்று கண்டது. இருவர் இருந்தால்தான் பொருத்தப் பிரச்சினை எழுகிறது, ஒருவர் மட்டும் இருந்தால் பொருத்தம் தானாகவே நூறு விழுக்காடு ஆகிவிடும் என்பது இறுதிப் பரிந்துரை. அதன்படி இறுதிப் போட்டியில் ஒரே நெட்டையனோடு ஆடிய வாரிய அணி நாற்பத்தாறு புள்ளியில் தோற்றது. தோல்வி குழுவின் ஆய்வு வரம்புக்குள் வராததால் அறிக்கை பாதிக்கப்படவில்லை. மற்ற மண்டலங்களிலும் அதைப் பின்பற்றச் சுற்றறிக்கை போனது.

அறிக்கை கொடுத்ததும் குழு கலைந்தது. பேசக்கூடாது என்ற ஆணையைத் திரும்பப் பெறும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு மட்டுமே இருந்தது. ஆகவே ஆணை அப்படியே நின்றுவிட்டது.

தனசிங்கை மேடவாக்கம் தொட்டிக்குக் காவலராக மாற்றினார்கள். எண்பதடி உயரத் தொட்டி, அடியில் ஒரு பம்ப் அறை, சுற்றிலும் கம்பிவேலி. வேலிக்கு வெளியே சாலையில் தண்ணீர் லாரிகள் நாள் முழுக்க அடுக்குமாடிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவன் வேலை, மாலை ஐந்துக்கு ஒரு பதிவேட்டை நிரப்புவது. நீர்மட்டம் என்று ஒரு கட்டம், பார்வையாளர் பெயரும் நேரமும் என்று ஒரு கட்டம், கையெழுத்து. மாதம் ஒருமுறை பக்கங்களைக் கிழித்து ஸ்ரீநிவாசராகவனின் மேசைக்கு அனுப்ப வேண்டும். உயரத்தைக் கேட்கக்கூட அங்கே ஆள் இல்லை. மத்தியான வேளைகளில் தான் உண்மையாகவே தனக்குத் தானே பேசிக்கொண்டிருப்பதை ஒரு நாள் கவனித்தான். குழு எழுதியது பொய்யாகிவிடவில்லை.

ஏழு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம், வேலிக் கதவருகே ஒரு தலை குனிந்து உள்ளே நுழைந்தது. அசரியாதான். கையில் இரண்டு பிரியாணிப் பொட்டலம் இருந்தது. பம்ப் அறையின் படியில் இருவரும் கால்களை நீட்டி உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு இலையை மடித்த பிறகுதான் அசரியா வாயைத் திறந்தான்.

“அன்னிக்கு எனக்கு எல்லாம் கேட்டுச்சி ண்ணா. இருபத்திமூணு வாட்டியும்.”

“தெரியும். கேக்காமயா நவுந்த.”

“கேக்கலன்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

“நல்லதுதான் பண்ண. கை கழுவு, தண்ணி அந்த குடத்துல கீது.”

அசரியா கை கழுவிவிட்டு வந்தான். ஆட்டத்தில் இப்போது கூடையடியில் தான் மட்டுமே என்றும், பழக்கத்தில் கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை என்றும் சொன்னான். ஆவணி மாதம் வேலை நிரந்தரமாகிவிடும், அதற்குப் பிறகு வாராவாரம் வருகிறேன் என்றான். தனசிங் சரி என்றான். அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஏழு மாதமாக அதையெல்லாம் தினமும் சொல்லிப் பார்த்திருந்தான். ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதில் ஒன்றும் வாயில் வரவில்லை. ஷூ தேய்ந்துவிட்டதே, சந்தைக்காரர் புதிதாக ஒன்று எடுத்து வைத்திருக்கிறார், போய் வாங்கிக்கொள் என்று மட்டும் சொன்னான்.

நாலரை மணிக்கு அசரியா கிளம்பினான். யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று பேருந்து நிறுத்தம் வரை கூட வர வேண்டாம் என்றான். தனசிங் வேலிக்கு உள்ளேயே நின்றான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மற்ற தலைகளெல்லாம் உடனே கலந்து மறைந்தன. அந்த ஒரு தலை மட்டும் சிக்னலைத் தாண்டி, லாரிகளைத் தாண்டி, வெகுதூரம் வரை தெரிந்துகொண்டே இருந்தது. அதுவும் மறைந்த பிறகு உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்தான்.

நீர்மட்டம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினான். அடுத்த கட்டத்தில் பேனாவைச் சற்று நேரம் வைத்திருந்தான். பிறகு, தெளிவான கையெழுத்தில், ‘இன்று யாரும் வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டான்.